கிடைத்த வேலையா, காத்திருப்பா, மேற்படிப்பா?

தம்பி மகள் ஒரு வெள்ளிக்கிழமை இரவு போன் செய்தாள். "பெரியப்பா, ஒரு ஆஃபர் வந்திருக்கு. திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம்." புள்ளியியலில் பட்டம் வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. வந்திருப்பது வாடிக்கையாளர் சேவை மையத்தில் போன் எடுக்கும் வேலை. "கையில கிடைச்சதை விடாதே" என்கிறான் என் தம்பி. "படிச்ச படிப்புக்கு ஏத்தது வரட்டுமே, இப்ப என்ன அவசரம்" என்கிறாள் அவள் அம்மா. வகுப்புத் தோழிகளில் பாதிப் பேர் முதுகலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டார்கள். இவளுடைய லேப்டாப்பிலும் ஒரு விண்ணப்பம் பாதி நிரப்பியபடி திறந்தே கிடக்கிறது.

ரெஸ்யூமே புரட்டி ஆள் எடுப்பதுதான் எனக்குப் பல வருடப் பிழைப்பு. அப்படியிருந்தும் உடனே பதில் சொல்ல வரவில்லை. "ஞாயித்துக்கிழமை பேசலாம்மா" என்று வைத்துவிட்டு, இதைப் பற்றி ஆராய்ந்தவர்கள் என்ன கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். அவளிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒதுக்கிவிடலாம். 'எங்கள் பட்டதாரிகளில் இத்தனை சதவீதம் பேர் வேலையில் இருக்கிறார்கள்' என்கிற எண் இந்த முடிவுக்கு உதவாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வரையறைப்படி, கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம் கூலிக்கு உழைத்திருந்தாலே அவர் வேலையில் இருப்பவர்தான். எப்போது கேட்கிறோம் என்பதைப் பொறுத்தும் எண் மாறும். பிரிட்டனில் முன்பு பட்டம் முடிந்து 6 மாதத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது 15 மாதம் கழித்துக் கேட்கிறார்கள். நியூயார்க் பெடரல் ரிசர்வ் வங்கி இன்னொரு கணக்கும் வைத்திருக்கிறது: வேலை இருக்கிறது, ஆனால் அந்த வேலைக்குப் பட்டமே தேவையில்லை என்கிற நிலையில் எத்தனை பேர்? அமெரிக்காவில் 22 முதல் 27 வயதுவரையுள்ள பட்டதாரிகளில் ஏறக்குறைய பத்தில் நான்கு பேர். எல்லா வயதுப் பட்டதாரிகளையும் சேர்த்தால் மூன்றில் ஒருவர். ஆக, என் தம்பி மகளுக்கு வந்த ஆஃபர் ஒன்றும் அதிசயமில்லை. நிறையப் பேர் இந்த இடத்தில்தான் நின்று யோசிக்கிறார்கள்.

கிடைத்ததைப் பிடிப்பது

தம்பி சொல்வதில் நியாயம் உண்டு. ராபர்ட் டோபெல், மைக்கேல் வார்டு இருவரும் 1992-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்க இளைஞர் ஒருவர் வேலை வாழ்க்கையின் முதல் பத்து ஆண்டுகளில் சராசரியாக ஏழு முதலாளிகளிடம் வேலை பார்க்கிறார். அந்தக் காலத்தில் கிடைக்கும் சம்பள உயர்வில் மூன்றில் ஒரு பங்காவது வேலை மாறும்போது வருவது. முதல் வேலை தலையெழுத்து அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

கனடாவிலிருந்தும் ஒரு சாட்சி இருக்கிறது. மந்த காலத்தில் பட்டம் வாங்கி வெளியே வந்தவர்களை ஓரியோபுலஸ், ஃபான் வாக்டர், ஹைஸ் மூவரும் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். முடிவுகள் 2012-இல் வந்தன. தொடக்கச் சம்பளம் சுமார் 9 சதவீதம் குறைவு. ஐந்து வருடத்தில் இடைவெளி பாதியாகிறது, பத்து வருடத்தில் கிட்டத்தட்ட மறைகிறது. எப்படி மறைந்தது? சின்ன நிறுவனத்தில் நுழைந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக நல்ல சம்பளம் தரும் நிறுவனங்களுக்கு மாறினார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சின்ன நிறுவனத்தில் கணக்கராகச் சேர்ந்தவர் பெரிய நிறுவனத்தில் கணக்கராகப் போவது ஒன்று. போன் எடுக்கப் போனவர் புள்ளியியலாளராகத் திரும்பி வருவது வேறொன்று. இரண்டுக்கும் ஒரே பழமொழியைச் சொல்லி அனுப்புகிறோம்.

பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் படிப்பை முடித்த இளைஞர்களை வைத்து பார்ட், காக்ஸ், வெர்ஹாஸ்ட் மூவரும் நேரடியாக இதைத்தான் கேட்டார்கள். தகுதிக்குக் கீழான முதல் வேலை படிக்கல்லா, பொறியா? 2013-இல் வந்த பதில்: பொறி. வேலையில்லாமல் தேடிக்கொண்டிருப்பவரோடு ஒப்பிட்டால், கீழான வேலையில் சேர்ந்தவர் ஒரு மாதத்தில் தகுந்த வேலைக்கு மாறும் வாய்ப்பு 51 முதல் 98 சதவீதம்வரை குறைந்துவிடுகிறது. எவ்வளவு காலம் சும்மா இருந்தபின் சேர்ந்தார் என்பதைப் பொறுத்து அந்த அளவு மாறுகிறது. 'பலவீனமானவர்கள்தானே அப்படிப்பட்ட வேலைக்குப் போகிறார்கள்?' என்ற சந்தேகம் வரும். அந்த வேறுபாட்டைக் கழித்துத்தான் இந்தக் கணக்கு.

அமெரிக்காவில் பர்னிங் கிளாஸ், ஸ்ட்ராடா ஆகிய இரு அமைப்புகளும் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட அறிக்கையும் இதே திசையில்தான் போகிறது. 43 சதவீதப் பட்டதாரிகளின் முதல் வேலை பட்டம் தேவைப்படாதது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஐந்து வருடம் கழித்தும் பட்டம் தேவைப்படாத வேலையிலேயேதான் இருந்தார்கள்.

ஏன் இப்படி? நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்தவருக்கு இரவில் விண்ணப்பம் போடத் தெம்பு இருக்காது. படித்தது துருப்பிடிக்கும். மூன்றாவது காரணம் நான் தினம் பார்ப்பது. முதல் சுற்றில் ரெஸ்யூமேயை யாரும் படிப்பதில்லை. கண் நேராகத் தேதிகளில்தான் இறங்கும்: பட்டம் முடிந்த மாதம், வேலை தொடங்கிய மாதம், இப்போதைய பதவியின் பெயர். முன்னூறு விண்ணப்பம் வந்து, பத்துப் பேரிடம் பேசத்தான் நேரம் இருக்கிறது என்றால், ஒரு தாளுக்குக் கிடைப்பது சில நொடிகள். அதில் பதவியின் பெயர் மட்டும்தான் தேறும்.

பொருளாதார ஆய்வாளர் நன்லியும் அவருடைய கூட்டாளிகளும் அமெரிக்காவில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பொய் ரெஸ்யூமேக்களை உண்மையான விளம்பரங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். பட்டதாரிக்குச் சில மாதம் வேலையில்லாமல் இருந்ததால் பெரிய பாதிப்பு தெரியவில்லை. இப்போது தகுதிக்குக் கீழான வேலையில் இருப்பதாகக் காட்டியவர்களுக்குத்தான் அழைப்பு குறைந்தது, சுமார் 30 சதவீதம்வரை. ஆள் எடுக்கும் எங்கள் கூட்டத்துக்கு இது பெருமையான செய்தி அல்ல.

மூன்று வருடம் முன்பு ஒரு பெண் விண்ணப்பித்திருந்தார். பொருளாதாரப் பட்டம். ஒன்றரை வருடமாக ஒரு சரக்குக் கிடங்கில் பில் பதியும் வேலை. என் பக்கத்திலிருந்தவர் அந்தத் தாளை ஓரமாக வைக்கவே போய்விட்டார். கடைசி வரி தற்செயலாகக் கண்ணில் பட்டது: 'மாதாந்திரக் கணக்கு வேறுபாடுகளை வகைப்படுத்தியது'. கூப்பிட்டுக் கேட்டேன், "அது என்னம்மா வேறுபாடு?"

"சார், கிடங்குக் கணக்கும் பில் கணக்கும் மாசா மாசம் ஒத்து வராது. மாசக் கடைசியில எல்லாரும் சேர்ந்து சரிக்கட்டிடுவாங்க. நான் ஏழு மாசம் எந்தப் பொருள்ல எவ்வளவு வித்தியாசம்னு குறிச்சு வெச்சேன். பாதிக்கு மேல ரெண்டே பொருள்லதான் வந்துச்சு. ஒரு இடத்துல பெட்டிக் கணக்குல பதியறாங்க, இன்னொரு இடத்துல எண்ணிக்கைக் கணக்குல பதியறாங்க."

எக்செல் தாளையே திறந்து காட்டினார். நிறம் பூசாத, அலங்காரமில்லாத தாள். ஏழு பத்திகள், நாற்பது சொச்சம் வரிகள். அன்றைக்கு வந்த பதினோரு பேரில் தரவு என்றால் என்னவென்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான். எடுத்துக்கொண்டோம். அதை வைத்து 'எந்த வேலையிலும் திறமை ஒளிராமல் போகாது' என்று நான் சொல்ல மாட்டேன். அந்தத் தாள் ஓரமாகப் போக அரை நொடிதான் பாக்கி இருந்தது.

அதனால் 'கிடைத்த வேலை' என்று பொதுவாகப் பேசுவதை நான் விட்டுவிட்டேன். பக்கத்து வேலை, தூரத்து வேலை என்று பிரித்துக்கொள்கிறேன். சம்பளமும் பதவியும் தாழ்வாக இருந்தாலும், படித்ததைத் தொட்டுப் பார்க்க ஒரு வாய்ப்பாவது கொடுத்தால் அது பக்கத்து வேலை. கிடங்கில் பில் பதிவது ஒரு பொருளாதாரப் பட்டதாரிக்கு அப்படி. எட்டு மணி நேரமும் எழுதிக்கொடுத்த வசனத்தைப் படிக்கச் சொல்வது தூரத்து வேலை. முதலாவதைச் சம்பளம் பார்க்காமல் பிடிக்கலாம். இரண்டாவதில் நுழையும் அன்றே வெளியேறும் தேதியைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

காத்திருப்பது

காத்திருப்பவரைச் சோம்பேறி என்று ஊர் சொல்லும். பொருளாதாரம் அப்படிச் சொல்வதில்லை. இதற்குக் கீழே போக மாட்டேன் என்று மனத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டு தேடுவது நியாயமான கணக்குதான் என்று ஒரு கோட்பாடே இருக்கிறது. வேலை தேடுபவரும் ஆள் தேடுபவரும் ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்க ஏன் இவ்வளவு காலமாகிறது என்று ஆராய்ந்ததற்காக டயமண்ட், மார்டென்சன், பிசரைட்ஸ் மூவருக்கும் 2010-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் என் பார்வையில் ஒரு நிபந்தனை உண்டு. கோடு நகர வேண்டும். மாதம் ஏற ஏற அது கொஞ்சம் இறங்க வேண்டும். முதல் மாதம் போட்ட கோட்டைப் பதினான்காம் மாதமும் பிடித்துக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும்.

எவ்வளவு காலம் தாங்கும்? அமெரிக்காவில் க்ராஃப்ட், லாங்கே, நோட்டோவிடிக்டோ மூவரும் 100 நகரங்களில் சுமார் 3,000 விளம்பரங்களுக்குப் பொய் ரெஸ்யூமேக்கள் அனுப்பினார்கள். முடிவு 2013-இல் வெளியானது. வேலையில்லாத மாதங்கள் கூடக்கூட அழைப்பு குறைகிறது. ஆனால் அந்தச் சரிவில் பெரும்பகுதி முதல் 8 மாதத்துக்குள் நடந்துவிடுகிறது. இன்னொன்றும் கவனித்தார்கள். எங்கும் வேலை இல்லாத ஊரில் இடைவெளிக்குத் தண்டனை குறைவு, ஏனென்றால் காரணம் எல்லோருக்கும் தெரியும். நல்ல காலத்தில் சும்மா இருப்பவரைத்தான் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள்.

சுவீடனில் எரிக்சன், ரூத் இருவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஆறுதலானது. இப்போது 9 மாதத்துக்கு மேல் வேலையில்லாமல் இருப்பது குறைந்த, நடுத்தரத் தகுதி கேட்கும் வேலைகளில் மட்டும்தான் பாதித்தது. உயர்தகுதி வேலைகளில் பாதிக்கவில்லை. எப்போதோ இருந்த இடைவெளியை, பிறகு வேலை பார்த்திருந்தால் யாரும் பொருட்படுத்தவே இல்லை. மேலே சொன்ன நன்லி ஆய்வோடு இது ஒத்துப்போகிறது, க்ராஃப்ட் ஆய்வோடு கொஞ்சம் உரசுகிறது. நாடு வேறு, வேலை வேறு. என் அனுபவத்தில் ஆறு மாதத்தை யாரும் கேட்பதில்லை. பத்து மாதத்தைக் கேட்கிறோம். கேட்டால் பதில் இருக்கிறதா என்பதுதான் விஷயம். "தேடிக்கிட்டிருந்தேன் சார்" என்பது பதில் அல்ல.

காத்திருப்பிலேயே மோசமான வகை, ஒற்றைக் கதவின் முன் நிற்பது. தமிழ்நாட்டில் 2001 முதல் 2006 வரை பெரும்பாலான அரசுப் பணி நியமனங்கள் நிறுத்திவைக்கப்பட்டிருந்தன. அந்தக் காலத்தில் பட்டம் முடித்த ஆண்கள் என்ன செய்தார்கள் என்று குணால் மங்கல் என்ற பொருளாதார ஆய்வாளர் ஆராய்ந்தார். கதவு மூடியிருப்பதைப் பார்த்து வேறு பக்கம் போயிருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? வேலையில்லாமல் இருந்த காலம் கூடியிருந்தது. இன்னும் அதிகமாகப் படித்துக்கொண்டு, கதவு திறக்கக் காத்திருந்தார்கள். பிற்காலச் சம்பாத்தியத்திலும் அதன் வடு தெரிந்தது. தேர்வு எழுதுவது தப்பில்லை. அதைத் தவிர எதுவும் செய்யாமல் இருக்கும் வருடங்கள்தான் திரும்பி வருவதில்லை.

காத்திருப்பதென்றால் அந்த மாதங்களில் என்ன செய்வது? இரண்டு விஷயங்களுக்குச் சாட்சி இருக்கிறது. ஒன்று, இன்டர்ன்ஷிப். நன்லி குழுவின் இன்னொரு ஆய்வில் இன்டர்ன்ஷிப் செய்ததாகக் காட்டிய ரெஸ்யூமேக்களுக்குச் சுமார் 14 சதவீதம் கூடுதல் அழைப்பு வந்தது. வணிகத் துறை வேலைகளுக்கு விண்ணப்பித்தபோது வணிகப் பட்டம் இருந்ததால்கூட அப்படி ஒரு லாபம் வரவில்லை. இரண்டாவது, ஓரளவு மட்டும் அறிமுகமான மனிதர்கள். லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிப் பேரை ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2022-இல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. வேலை மாற அதிகம் உதவியவர்கள் நெருங்கிய நண்பர்கள் அல்ல, ஓரளவு மட்டும் பழக்கமுள்ளவர்கள். நெருங்கியவர்களுக்குத் தெரிந்த வேலைகள் நமக்கும் தெரிந்தவைதான். சீனியரின் அண்ணனுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது.

இதையெல்லாம் சொல்லும்போது ஒரு உறுத்தல் இருக்கிறது. காத்திருக்க வீட்டில் யாராவது செலவைத் தாங்க வேண்டும். கல்விக்கடன் தவணை தொடங்கிவிட்ட வீட்டில் இந்தப் பகுதி முழுவதும் வீண் பேச்சு. கனடா ஆய்விலும், மீண்டு வராமல் பின்தங்கியவர்கள் ஏற்கெனவே சம்பளம் குறைவான படிப்புகளிலிருந்து வந்தவர்கள்தான்.

மேற்படிப்பு

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் கேள்வி ஒன்றுதான்: அந்தக் கதவு சான்றிதழைக் கேட்கிறதா?

படிப்பு ஏன் சம்பளத்தைக் கூட்டுகிறது என்பதில் பழைய சண்டை ஒன்று உண்டு. படிப்பு மனிதரிடம் போடப்படும் முதலீடு, திறனைக் கூட்டுகிறது என்றார் கேரி பெக்கர், 1964-இல். திறனைக் கூட்டாவிட்டாலும், 'இவரால் இதை முடிக்க முடிந்தது' என்று முதலாளிக்குக் காட்டும் அடையாளம் அது என்றார் மைக்கேல் ஸ்பென்ஸ், 1973-இல். இருவருக்கும் நோபல் கிடைத்தது. மருத்துவம், சட்டம், ஆசிரியப் பணி, ஆராய்ச்சி போன்றவற்றில் இந்தச் சண்டையே தேவையில்லை. தாள் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். போய்த்தான் ஆக வேண்டும்.

மற்ற துறைகளில் நிலைமை அவ்வளவு தெளிவில்லை. பிரிட்டனின் நிதி ஆய்வு நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அறிக்கையில், முதுகலை படித்தவர்களின் குடும்பப் பின்னணி, முந்தைய மதிப்பெண் ஆகியவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தால், 35 வயதில் சராசரி ஆதாயம் ஏறக்குறைய எதுவுமில்லை. ஆனால் சராசரி இங்கே ஏமாற்றும். சில பாடங்களில் பெரிய லாபம், சிலவற்றில் நேரடி நட்டம். 'முதுகலை படிக்கலாமா' என்று கேட்பதைவிட, அந்தக் குறிப்பிட்ட பாடத்தைப் படித்து வெளியே போனவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று விசாரிப்பது நல்லது.

மேற்படிப்பை நிழலாகப் பயன்படுத்துவதும் நடக்கிறது. ஜப்பானில் கடைசி வருட மாணவர்களை மொத்தமாக எடுப்பதே பெரிய நிறுவனங்களின் வழக்கம். அந்த ஒரு வாய்ப்பைத் தவறவிட்டவர் 'புதிய பட்டதாரி' என்ற பெயரை இழந்துவிடுவார். அதனால் வேலை கிடைக்காத மாணவர்கள் வேண்டுமென்றே ஒரு வருடம் கூடுதலாகக் கல்லூரியில் தங்கினார்கள். பட்டம் முடிந்து மூன்று வருடம்வரை புதியவராகவே நடத்துங்கள் என்று 2010-இல் அரசாங்கம் நிறுவனங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. சந்தை படுத்துக் கிடக்கும்போது இப்படி ஒதுங்குவதில் அர்த்தம் உண்டு. 1979 முதல் 1989 வரை அமெரிக்காவில் பட்டம் வாங்கிய வெள்ளையின ஆண்களை ஆராய்ந்த லிசா கான், வேலையின்மை விகிதம் ஒரு சதவீதப் புள்ளி கூடியிருந்தால் தொடக்கச் சம்பளம் 6 முதல் 7 சதவீதம் குறைந்ததையும், 15 வருடம் கழித்தும் அந்தக் குறை முழுதாகத் தீராததையும் கண்டார். சந்தை சாதாரணமாக இருக்கும்போது நிழலில் ஒதுங்க இந்தக் காரணம் செல்லாது.

தொழில்நுட்பப் படிப்புக்கு மட்டும் ஒரு கூடுதல் எச்சரிக்கை. டெமிங், நோரே இருவரின் 2020 ஆய்வுப்படி, கணினி அறிவியல், பொறியியல் பட்டதாரிகளின் சம்பள மேன்மை தொடக்கத்தில்தான் உச்சம். முதல் பத்து வருடத்தில் அது பாதிக்கும் மேல் கரைகிறது, ஏனென்றால் கற்ற கருவிகள் பழசாகின்றன. இரண்டு வருடம் வேலை பார்த்து, எது தெரியவில்லை என்பது தெரிந்தபின் படிக்கப் போவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. பிடிவாதமாகச் சொல்லவில்லை. குடும்பம், வயது என்று பார்க்க வேண்டியவை எனக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை

முதலில் தம்பியிடம் தனியாகக் கேட்டேன், "இன்னும் ஆறு மாசம் தாங்குமாடா?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தாங்கும்" என்றான். அது தெரியாமல் மேற்கொண்டு பேசுவதில் பயனில்லை. ஐந்து மாதம் போயிருக்கிறது. எட்டு மாதக் கோட்டுக்கு இன்னும் மூன்று மாதம். முதுகலை விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்டதற்கு, எந்த வேலைக்காக என்று அவளுக்கே தெரியவில்லை. "எல்லாரும் போடறாங்க பெரியப்பா" என்றாள்.

மிச்சம் அந்த ஆஃபர். தூரத்து வேலைதான், ஆனால் உள்ளேயிருந்து பக்கத்தில் நகர வழி இருக்கலாம். பெரிய சேவை மையங்களில் அழைப்புகளின் எண்ணிக்கையைக் கணித்து, எந்த ஷிப்டுக்கு எத்தனை பேர் வேண்டும் என்று திட்டமிடும் பிரிவு இருக்கும். அது சுத்தமான புள்ளியியல் வேலை. "அந்த எச்.ஆர்.கிட்ட ரெண்டு கேள்வி கேளு. அங்கே மாற எவ்வளவு நாள் ஆகணும்? போன வருஷம் எத்தனை பேர் மாறினாங்க?" என்றேன்.

திங்கட்கிழமை காலை பதில் வந்தது. பன்னிரண்டு மாதம் முடிந்தபின் விண்ணப்பிக்கலாம். போன வருடம் மாறியவர்கள் இரண்டு பேர். போன் எடுப்பவர்கள் நானூறுக்கு மேல்.

வேண்டாம் என்று எழுதிவிட்டாள். மூன்று வாரம் கழித்து, வகுப்புத் தோழியின் அக்கா சொல்லி, கணக்கெடுப்பு நடத்தும் ஓர் அமைப்பில் நான்கு மாத ஒப்பந்த வேலை கிடைத்தது. களத்திலிருந்து வரும் படிவங்களில் முன்னுக்குப் பின் முரணான பதில்களைப் பிடிப்பது. சேவை மையம் தருவதாகச் சொன்னதைவிடச் சம்பளம் குறைவு. தம்பி இரண்டு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.